ஷம்பேயின் ஒன்றியம்

அஜ்மானில், மீன் சந்தைக்குப் பின்தெருவில்,
எங்கள் டைப்பிங் சென்டரில் ஏ.சி. சொட்டும் இடத்தில்
ஒரு பெயிண்ட் வாளி.
அதன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் ஷம்பே,
புதுப் பாஸ்போர்ட்டை உருமாலில் சுற்றிக்கொண்டு.
பச்சை அட்டை. பொன்னிறப் பிறை.
ஐம்பத்தோரு வயதில் கிடைத்த முதல் நாடு.

பிறந்தது இதே ஊர்.
தகப்பன் பலூச்சிக் கரையிலிருந்து படகில் வந்தவர்,
எண்ணெய்க்கு முன்னால், எண்ணுகிறவர்களுக்கும் முன்னால்.
ஆள் கணக்கெடுத்த அன்று கடலில் இருந்தாராம்.
அவ்வளவுதான் குற்றம்.

அவர் உருதுவில் பேசினார், நான் சினிமா இந்தியில்.
பிறந்த தேதி கேட்டேன்.
சனிக்கிழமை என்றார்.
ஷம்பே என்றால் அதுதானாம்;
தேதி போய்விட்டது, கிழமை பெயராக நின்றுகொண்டது.
படிவத்துக்குக் கிழமை போதாது.
ஜனவரி ஒன்று என்று அடித்தேன்.
பரமக்குடியில் லோயர், ஹையர் முடித்த இந்த விரல்கள்
எத்தனை பேரை அந்த ஒரே நாளில் பெற்றிருக்கின்றன!

"பஹன், என் நாட்டில் ராஜா உண்டா?"

முதலாளி லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார்.
தேடிப் பார்த்துச் சொன்னேன்:
ராஜா இல்லை. மடகாஸ்கருக்கு மேலே மூன்று தீவு.
முன்பு பெயர் இஸ்லாமியக் கூட்டாட்சிக் குடியரசு,
இப்போது சுருக்கி ஒன்றியம்.
(எங்கள் பக்கம் ஒன்றியம் என்றால் பி.டி.ஓ. ஆபீஸ்,
சுவரில் வெற்றிலை எச்சில். அதைச் சொல்லவில்லை.)
தீவுக்கு ஒரு ஆளுநர், தீவுக்கு ஒரு சபை,
எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சபை,
மார்க்கத் தீர்ப்புக்கு ஒரு முஃப்தி.
தலைவர் பதவி முறை வைத்துச் சுற்றும்:
இந்தத் தடவை இந்தத் தீவு, அடுத்த தடவை அடுத்தது.

"எங்கள் அறையில் சமையல் போல."
ஆமாம்.
"முறை தப்பினால்?"
திரையை நகர்த்தினேன். ராணுவம், கூலிப்படை, மறுபடி ராணுவம்.
பட்டியல் நீண்டுகொண்டே போனது.
"பேசித் தீர்த்துக்கொள்வார்கள்" என்றேன்.
புது வேட்டியில் முதல் கறை என் கையால் வேண்டாம்.

கொடியில் நான்கு நட்சத்திரம் இருந்தது.
எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.
நாலாவது தீவு பிரான்சிடம், ஆனால் கொடியிலிருந்து எடுக்கவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் கட்டைவிரலை அதன்மேல் வைத்திருந்தார்,
திரையில் ரேகை விழுந்தது.

"இங்கே ஏழும் ஒன்றானதை நான் பார்த்தேன்" என்றார்.
"பத்து வயது. கடற்கரையில் மிட்டாய் கொடுத்தார்கள்.
வரிசையில் நின்றேன். யாரும் காகிதம் கேட்கவில்லை.
இரண்டு கொடுத்தார்கள்."

ஓட்டு உண்டா என்றும் கேட்டார்.
கூட வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கம் பிரெஞ்சில் இருந்தது.
இல்லை, மறுப்பு, அனுமதி கிடையாது:
இந்த மூன்றும் எந்த மொழியிலும் எனக்குப் புரியும்.
எனக்கு நாடும் உண்டு, பட்டியலில் பெயரும் உண்டு.
போன தேர்தலில் என் ஓட்டை யாரோ போட்டுவிட்டுப் போனதாக
அண்ணி போனில் சிரித்தாள்.

இனிதான் உண்மையான படிவம்.
நேற்றுவரை அவர் இங்கே யாருமில்லை; இன்று வெளிநாட்டுக்காரர்.
விசா வேண்டும். விசாவுக்கு ஒரு கஃபீல் வேண்டும்.
நாட்டுக்குள் நுழைந்த தேதி: கட்டாயம்.
நுழைந்த வழி: விமானம், கப்பல், தரை.
மூன்றில் ஒன்றைத் தொடாமல் பக்கம் நகராது.
இருவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
வாளியில் சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"கப்பல் என்று போடு" என்றார்,
"வாப்பா வந்தது அப்படித்தான்."

நாற்பது திர்ஹம். ரசீது கிழித்தேன்.
பெயருக்குக் கீழே நாட்டையும் எழுதச் சொன்னார்.
ரசீதில் அதற்கு இடம் கிடையாது.
ஓரத்தில், சற்றுச் சாய்வாக, எழுதிக் கொடுத்தேன்.