முப்பத்தோராவது வாரம்

மிசௌரியில், ஏரிக்கரையில்
எங்களுக்கு ஒரு வாரம் சொந்தமாக இருந்தது.
வீடு அல்ல, வாரம்.
இரண்டாம் மாடி. ஏரி தெரியும் என்றார்கள்;
பால்கனியில் கழுத்தை ஒடித்துப் பார்த்தால்
தெரியத்தான் செய்தது.

ஒன்பது கோடைகள் போனோம்.
பிறகு ஆர்லிஸுக்கு இடுப்பெலும்பு மாற்றினார்கள்.
நாங்கள் போகாவிட்டாலும் வாரம் எங்களிடம் வந்தது,
பராமரிப்புக் கட்டணமாக,
ஒவ்வொரு ஜனவரியும்,
டுலூத்தில் வாசலை மூடிப் பனி நிற்கும்போது.
செத்தாலும் விடாதாம், மகன் தலையில் ஏறுமாம்.

அப்போதுதான் அவன் அழைத்தான்.
ப்ரெண்ட் ஆஷ்வொர்த்.
அது அவன் பெயரில்லை என்று இப்போது தெரியும்,
ஆனாலும் வேறு பெயரில் அவனைத் திட்ட வரவில்லை.
மெக்சிகோவில் ஒரு கம்பெனி வாங்கத் தயார்,
முப்பத்தெட்டாயிரம் டாலர்.
வரியை மட்டும் முன்னால் கட்டவேண்டும்,
அதுவும் திரும்பிவிடும்.
கடிதத்தில் கழுகு முத்திரை இருந்தது.

இருபத்தாறு வருடம் பனி அள்ளும் வண்டி ஓட்டியவன் நான்.
வெள்ளைக்கு அடியில் சாலை எது, பள்ளம் எது என்று
ஸ்டியரிங்கின் நடுக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.
கழுகை நம்பினேன்.

முதலில் இரண்டாயிரத்து நூறு.
அப்புறம் பதிவுக் கட்டணம்.
அப்புறம் வங்கிக்கு ஏதோ சான்று.
அப்புறம்
பெயரே இல்லாத ஒன்றுக்கு நாலாயிரம்.
ஒவ்வொரு முறையும் என் முட்டிவலியை விசாரிப்பான்.
ஏரி உறைந்ததா, மீன் கடித்ததா என்பான்.
மகன் இதையெல்லாம் கேட்டதில்லை.

மொத்தம் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது.
ரசீதுகளைக் காபி டப்பாவில் போட்டு
ஆணிகளுக்கு அடியில் புதைத்தேன்.

மார்ச்சில் தபால்தலை தேடி
ஆர்லிஸின் தையல் பெட்டியைத் திறந்தேன்.
நூல்கண்டுகளின் கீழே ஒரு சீட்டு:
இழப்பு மீட்புச் சேவை, முன்பணம், ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
அதன் கீழே இன்னொன்று.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
இங்கே சுண்டைக்காயே இல்லை.

சீட்டிலிருந்த எண்ணை அழைத்தேன்.
எடுத்தவன் என் முட்டியை விசாரிக்கவில்லை.
ஆனால் "ஆமாம் சார்" என்பதற்கு முன்னால்
அதே சின்ன இருமல்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
சீட்டைப் பார்த்தாள், கத்தியை வைக்கவில்லை.
"ஆணி எடுக்கப் போனேன்," என்றாள்.
"உன்னிடம் சொல்லக்கூடாது என்றார்கள்.
முழுத்தொகையும் வந்ததும் ஆச்சரியப்படுத்தலாமாம்.
உன் பிறந்தநாளுக்குள் வந்துவிடுமாம்."
என் பிறந்தநாள் போன மாதம்.
அன்று அவள் மூன்று தடவை தபால்பெட்டிக்குப் போனாள்,
ஊன்றுகோலோடு, அந்தப் பனியில்.
பிறந்தநாள் அட்டைகளுக்காக என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு புகார்ப் படிவத்தை நிரப்பினோம்.
பணத்தை இழந்தவர் பெயர்: ஒரு வரிதான் இடம்.
பேனாவை நான் அவள் பக்கம் தள்ளினேன்,
அவள் என் பக்கம்.
கடைசியில் இரண்டு பெயரையும்
பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்,
ஒற்றைக் கட்டிலில் இருவர் படுப்பதுபோல.

வங்கிக்குப் பதினோரு முறை.
அரசு அலுவலகத்தில் திருமதி ஓக்ஸெந்தால்
எங்களை முட்டாள்கள் என்று சொல்லவில்லை,
அதற்காகவே ஒரு கேக் கொண்டுபோனோம்; வாங்க விதி இல்லையாம்.
கடைசியாக அனுப்பிய தொகையில் ஒரு துண்டு
எங்கோ நடுவழி வங்கியில் உறைந்து கிடந்தது.
அக்டோபரில் காசோலை வந்தது:
நானூற்றுப் பன்னிரண்டு டாலர், பதினெட்டு சென்ட்.
ஆர்லிஸ் அந்தப் பதினெட்டு சென்ட்டை
இரண்டு தடவை வாசித்தாள்.

ஜனவரியில் பராமரிப்புக் கட்டணமும் வந்தது.
ஆயிரத்து முந்நூறு சொச்சம்.

நேற்று மறுபடி போன்.
புதுக் குரல், கனிவான குரல்:
"நீங்கள் இழந்த பணம் விஷயமாக..."
ஆர்லிஸ் ஸ்பீக்கரைப் போட்டாள்.
"பணம் கிடக்கட்டும், தம்பி," என்றாள்.
"எங்களிடம் ஒரு வாரம் இருக்கிறது. ஏரி தெரியும்.
உனக்கே தருகிறேன்.
வரியை மட்டும் முன்னால் அனுப்பிவிடு."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவி
சூப்பில் விழுந்தது.
நானும் சிரித்தேன்.
ஆனால் இணைப்பு அறுவதற்கு முன்னால்,
ஒரே ஒரு நொடி,
அவன் சரி என்பானோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.