மெஷினில் இல்லாத ஊர்

பால் சொசைட்டிக்கு எதிரே
பாலத்தை உடைத்துப் போட்ட அன்று
ஒரு தகரப் பலகை நட்டார்கள்:
மாற்றுப் பாதை.
அம்புக்குறி முதலில்
இடப்பக்கம் காட்டியது.
செங்கல் லாரி ஒன்று உரசிப் போனதும்
வானத்தைக் காட்டியது.

"அப்பிடியே மேல போகச் சொல்றானாட்டிருக்குது"
என்றாள் துளசிமணி.
சிரிக்க நேரமில்லை.
எட்டரைக்குக் கம்பெனி கேட்.
எட்டு நாற்பதுக்குப் போனால்
கால் ஷிப்ட் போச்சு.

எங்கள் ஊருக்கு இனி
நாற்பது நாள் பஸ் இல்லை.
ரைஸ்மில் பிரிவிலேயே திரும்பி
கள்ளிமேட்டுப்புதூர் வழியாகப் போகுமாம்.
புதூருக்கு நடந்தால் ஏறிக்கொள்ளலாம்.
தடம் எது என்றால்
இட்டேரிதான்.
இரண்டு பக்கமும் கிளுவை வேலி,
நடுவில் போன மழை அரித்த பள்ளம்,
ஒரு கையில் செருப்பு
ஒரு கையில் சோத்துப் போசி.

போய்ச் சேர்ந்தால்
ரோட்டில் மக்காச்சோளம் காய்கிறது.
கூட்டிக்கூட்டி ஒதுக்குகிறார்கள்
பஸ்ஸுக்கு வழி விட.
புளியங்கிளை கூரையில் அடிக்க
கண்ணாடியை மடக்கிக்கொண்டு
சென்னியப்பன் ஓட்டிவருகிறார்,
அடுத்தவர் வீட்டு வாசலில்
வண்டி திருப்புகிறவர் மாதிரி.

டிக்கெட் மெஷினில் புதூர் இல்லை.
கண்டக்டர் மேலே தள்ளிப் பார்த்தார்
கீழே தள்ளிப் பார்த்தார்.
பொம்பளைகளின் காசில்லாச் சீட்டுக்கும்
ஊர்ப் பேர் வேண்டுமாமே.
"ரைஸ்மில் பிரிவுன்னே அடிச்சுத் தாரனுங்க.
செக்கிங் வந்தா
அங்க ஏறுனதாச் சொல்லிப்போடுங்க."
முப்பது பேர்
ஏறாத இடத்தில் ஏறி
தினமும் போனோம்.

மூன்றாம் நாள் யாரோ
தென்னை மரத்தில் சுண்ணாம்பால்
'பஸ் நிறுத்தம் 7.45' என்று எழுதியிருந்தார்கள்.
ஐந்தாம் நாள் அடியில் ஒரு பெஞ்சு.
பத்தாம் நாள் டீ.
சர்க்கரை தூக்கலாக.

அங்கேதான் மயிலாத்தாளைப் பார்த்தேன்.
என்னோடு ஒரே டேபிளில்
எட்டு வருசமாகப் பீஸ் பார்க்கிறவள்.
தலை சீவி, பூ வைத்து,
காலில் துளி மண் இல்லாமல்
நின்றிருந்தாள்.
"ஏனுங்க, இந்த ஊரா நீங்க?" என்றேன்.
"ஆமாங்க" என்றாள்
என் காலைப் பார்த்துக்கொண்டே.

எட்டு வருசம்
அவள் எங்கள் ஸ்டாப்புக்கு நடந்து வந்த
இட்டேரிதான் இது.
அவள் ஏறும்போது
பாதத்தில் அப்பியிருக்கும் செம்மண்ணுக்கு
என் புடவையைத் தள்ளிப் பிடித்திருக்கிறேன்.
எங்கிருந்து வருகிறாள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அவளும் அன்றைக்கு
வேறெதுவும் சொல்லவில்லை.
பஸ் வந்ததும் முன்னால் ஏறி
எனக்கு ஒரு சீட்டில்
போசியைப் போட்டு வைத்தாள்.

நாற்பது நாள் என்றது
எழுபத்திரண்டு ஆனது.
இரண்டு கால் ஷிப்ட், ஒரு செருப்பு,
நெருஞ்சி குத்திய குதிகால்:
என் நஷ்டம் இவ்வளவுதான்.

பாலம் திறந்த அன்று
ரிப்பன் இல்லை, ஆள் இல்லை.
ரோலர் போய்விட்டது,
பஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான்.
பிரிவில் சென்னியப்பன் கை
தானாக ஸ்டியரிங்கை ஒடித்து
பிறகு நேர் செய்ததாம்.
எங்கள் ஸ்டாப்பில் விசிலடித்து
"புதூரு, புதூரு எறங்கு" என்று கத்திவிட்டு
கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மயிலாத்தாள் அப்போதுதான்
இட்டேரி முனையில் தெரிந்தாள்.
ஓட்டமும் நடையும்.
"நிறுத்துங்க, ஒராளு வருது" என்று
படியில் நின்று கத்தினேன்.
நின்றது.
ஏறியவள் காலை
படியிலேயே தேய்த்துத் துடைத்தாள்,
எட்டு வருசமாகத்
துடைப்பது போலவே.

தென்னை மரத்தில் 7.45
இன்னும் அழியவில்லை என்றாள்.
பெஞ்சை எடுத்துவிட்டார்களாம்.

ஐப்பசி மழைக்கு
இந்தப் பாலம் தாங்காது என்கிறார்கள்.
போனால் போகட்டும் என்று
ஒரு கணம் நினைத்தேன்.
எட்டரை ஞாபகம் வந்தது.
நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.