ஐந்தைந்தாக

மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளுவார் அப்பா.
நீலத் தட்டு, விளிம்பு மழுங்கிய தகடு,
ஐந்து, பத்து, பதினைந்து.
நடுவில் தொலைபேசி அடித்தால்
வந்த எண்ணைத் தாளோரம் குறித்துவிட்டுத்தான் எடுப்பார்.

அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை.
விறகுக் கட்டை, வேலிக் கம்பம்,
கொடியில் விறைத்துப் பலகையாகிப்போன சட்டைகள்.
இரவுச் சாப்பாட்டில் நாங்கள்:
அம்மா, லாரிஸா, பொஹ்தான், ரோமன், நான்.
ஒரே தள்ளல். சரியாக ஐந்து.
தம்மைச் சேர்க்க மாட்டார்.
எண்ணுகிற கை கணக்கில் வராது என்பார்.

சஸ்காட்செவனில் எங்கள் ஊருக்கு
ஒரு தண்டவாளம், இரண்டு தானியக் கோபுரம்,
முந்நூற்றுச் சொச்சம் வீடு, ஒரு மருந்துக்கடை.
யாருக்குத் தூக்கமில்லை,
யாருக்குப் பிள்ளை தங்கவில்லை,
பிரசங்கத்துக்கு முன்னால்
எந்தப் பாதிரியாருக்கு நெஞ்சு படபடக்கிறது,
எல்லாம் அவருக்குத் தெரியும்.
"இன்றைக்கு யார் வந்தார்கள், ஓரெஸ்ட்?"
பீட்ரூட் சூப்பை ஊற்றிக்கொண்டே அம்மா கேட்பாள்.
"காற்று வந்தது. கதவைச் சாத்தாமல் போனது."
நாற்பத்தொரு வருஷம் அதே பதில்.
அம்மாவும் கேட்பதை விடவில்லை.

ஒருநாள்
பாதிச் சாப்பாட்டில் கரண்டி நின்றது.
மேல்கோட்டு இல்லாமல் ஓடினார்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பாதி வீரியம் கொடுக்கவேண்டிய இடத்தில் முழு வீரியம்.
இரண்டு குப்பிக்கும் ஒரே உயரம், ஒரே மூடி.
கிழவர் ஹால்வர் நைகார்ட்
தண்ணீர் டம்ளரை அப்போதுதான் எடுத்தாராம்;
மாத்திரை நாக்குவரை போகவில்லையாம்.
அப்பா விடிந்துதான் வீடு வந்தார்.
வாரியத்துக்குத் தாமே ஒரு கடிதம் போட்டார்,
என்ன எழுதினாரோ.
கிழவர் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தார்,
டிசம்பர்தோறும் எங்களுக்கு ஒரு வாத்து அனுப்பிக்கொண்டு.
அந்தக் குப்பி மட்டும்
அப்பா முகம் மழிக்கும் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.
யாரும் தொடக்கூடாது.

பொஹ்தான் போனது மார்ச்சில்.
கண்ணாடிபோல் உறைந்த நெடுஞ்சாலை, பிக்கப் வண்டி,
பத்தொன்பது வயது.
நாலாம் நாள் அப்பா கடையைத் திறந்தார்.
இன்சுலினுக்குத் துக்கம் தெரியாது என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு மேசையில் எண்ணினார்.
நாலு வந்து கை நின்றது.
சூப் ஆறியது.
பிறகு, முதல்முறையாக,
தம் சட்டைப் பொத்தானைத் தொட்டு
ஐந்து என்றார்.

கடையை விற்றபின்
அவருக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர், என் அம்மா.
நடுங்கும் விரல்களுக்கு எளிதாக
மாத்திரைப் பெட்டியின் மூடிகளை
அரம்வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்.
ஞாயிறுதோறும் நிரப்பினார், ஒன்பது வருஷம்.
அவள் போனது ஒரு புதன்கிழமை.
வியாழன் முதல் சனிவரை இருந்ததை
ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார்.
எண்ணவில்லை.

நேற்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
ஊரே வந்து என் கையைப் பிடித்தது.
ஒரு பெண், என்னைவிட மூத்தவள்,
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
சொல்லாமல் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.
எத்தனையோ பேரின் ஏதேதோ
அவரோடு பத்திரமாக இறங்கிப் போயிற்று.

இன்று வீட்டைக் காலிசெய்கிறோம்.
கண்ணாடிக்குக் கீழே அந்தக் குப்பி.
சீட்டில் தட்டச்சு: முப்பது. பக்கத்தில் அவர் கையொப்பம்.
சமையலறைத் தட்டில் கொட்டி
வெண்ணெய்க் கத்தியால் தள்ளினேன்.
ஐந்து, பத்து, பதினைந்து,
இருபது, இருபத்தைந்து.
மிச்சம் நாலு.
திரும்ப எண்ணினேன்.
நாலுதான்.

மைனஸ் முப்பத்தொன்றில் ஓடிப்போய்,
ஒரு கிழவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி,
விடியும்வரை அப்பா
எதை எண்ணியிருப்பார்.

மாடிப்படியிலிருந்து லாரிஸா கேட்கிறாள்:
"சரியாக இருக்கிறதா?"
"சரியாக இருக்கிறது" என்றேன்.
மூடியைத் திருகினேன்.