கேள்வி கேட்கப்பட மாட்டாது

முப்பது நாள் பொது மன்னிப்பு என்று
நிலையத்துக் கதவில் ஒட்டினோம்.
யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம்.
பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம்,
உரிமம் எங்கே என்று
கேள்வி கேட்கப்பட மாட்டாது.

செர்பியாவின் வடக்கு ஓரம், தீசா நதிக்கரை.
நான் அங்கே காவல்நிலைய எழுத்தர்.
கொலைகளைவிடக் காணாமல் போன பசுக்களை
அதிகம் எழுதிய கை இது.

முதல் வாரம் ஈ ஓட்டினோம்.
பிறகு அந்தப் பள்ளி வாசலில் வைத்த பொம்மைகள்
மழையில் ஊறிக் கிடப்பதைத்
தொலைக்காட்சி மூன்று நாள் காட்டியது.
நான்காம் நாள் வரிசை தெருமுனை தாண்டியது.

சைக்கிள் கூடையில் வெங்காயத்துக்கு அடியில் ஒரு ரிவால்வர்.
ஜாம் பாட்டில் நிறையத் தோட்டாக்கள்,
'ப்ளம், 1994' என்ற சீட்டு இன்னும் ஒட்டியபடி.
மாட்டு வைத்தியர் ஓப்ராத்
தள்ளுவண்டியில் உருட்டி வந்தது
டாங்கியைத் துளைக்கும் குழல்.
எதற்கு ஐயா இது?
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
அவராகவே சொன்னார்:
"சண்டை முடிந்துவிட்டது என்று
எனக்கு யாரும் எழுதித் தரவில்லை."

பத்தொன்பதாம் நாள் ஸ்மில்யா வந்தாள்.
ரொட்டிக்கடைக்காரி. முழங்கைவரை மாவு.
குழந்தைத் துவாலையில் சுற்றியதை
மேசைமேல் கிடத்தினாள்,
விழித்துவிடப் போகிறது என்பதுபோல.
ஒன்பது மில்லிமீட்டர் ஸாஸ்தவா.
எட்டுக் குண்டு கொள்ளும். ஏழு இருந்தது.

எட்டாவது எங்கே?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.
ஜூன் மாதம். கம்பளி.

"ரசீது வேண்டாம்" என்றாள்.
கொடுத்தே ஆகவேண்டும் என்றேன், விதி.
வாங்கினாள்.
மடித்தாள், மறுபடி மடித்தாள்,
வாயில் போட்டு மென்றாள்.
மேசையில் இருந்த என் தண்ணீரைக் குடித்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் ரசீது
அப்படித்தான் போயிற்று.

மறுநாள் அவன்.
ஊர் பேண்டில் எக்காளம் ஊதுகிறவன்,
என் மகள் கல்யாணத்திலும் ஊதியவன்.
"எங்கள் வீட்டுச் சாமான் ஒன்று
தவறுதலாக இங்கே வந்திருக்கும்."

சுவரொட்டியைப் பிய்த்து அவன் முன்னால் வைத்தேன்.
படித்தான்.
"நீங்கள் எங்களைக் கேட்கமாட்டீர்கள், அதுதானே அர்த்தம்?"
"யார் யாரை என்று போடவில்லையே" என்றேன்.
இருபத்தாறு வருட வேலையில்
சட்டத்துக்கு நான் உரை சொன்னது
அந்த ஒருமுறைதான்.

பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு போனான்.
கைகள் இரண்டும் அவனோடு போயின.
அவற்றைப் பெற்றுக்கொள்ள
எங்களிடம் படிவம் இல்லை.

முப்பத்தோராம் நாள் லாரி வந்தது.
உருக்கி என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.
இப்போது கேட்கலாம், மன்னிப்புக் காலம் முடிந்தாயிற்று.
"சாக்கடை மூடியாக இருக்கும்" என்றான் ஓட்டுநர்,
பேரிக்காய் கடித்தபடி.

நானூற்று ஆறு துப்பாக்கிகள் என்று
மாவட்டத்துக்கு அறிக்கை எழுதினேன்.
பொதுமக்கள் பாதுகாப்பு மேம்பட்டுள்ளது என்று
கடைசி வரியில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.
பொய் இல்லை. முழுசாகவும் இல்லை.

என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான் ரொட்டிக்கடை.
நான்கு மணிக்கு அவள் அடுப்பு மூட்டவேண்டும்.
யாரும் உத்தரவிடாத வேலையாக
மூன்றே முக்காலுக்கு எழுந்துவிடுகிறேன்.
காலுறை போடாமல், காபி போடாமல்
ஜன்னலில் நிற்கிறேன்.

இன்று நான்கு பத்து ஆகிவிட்டது.

எரிந்தது விளக்கு.