மீதி அறுநூறு

ஒரு மணி நேரம் எண்ணூறு.
இருநூறு முன்பணம், ஜிபேயில் அனுப்பினேன்.
"கூட யாரு வர்றாங்க?" சவேரி கேட்டான்.
"நான் மட்டும்."
"பொறந்த நாளாக்கா?"
"இல்ல, செவ்வாக்கிழமை."

ராமேஸ்வரம், ராத்திரி பதினொன்று.
லாட்ஜ் பலகைகள் எரியும் சந்து;
ஒன்றில் 'ட்' அணைந்து
லாஜ், லாஜ் என்று மினுங்கியது.
ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரியே
விறைத்து நின்றேன்.

"கைய மறைச்சுக்கலாமா?"
மண்டபம் கம்பெனியில்
நாள் முழுக்க நண்டு உடைக்கிற கை.
ஒன்றைப் பச்சையில் நீட்டினேன்,
ஒன்றை ரோஸில்.
கீறலெல்லாம்
யாரோ உட்கார்ந்து வரைந்தது போலிருந்தது.

திரையில் காட்டினான்.
பெரிசாக்கச் சொல்லிப் பார்த்தேன்,
மூக்கருகே கொண்டுபோயும் பார்த்தேன்.
எலுமிச்சை தேய்த்தும் போகாத அந்த வாடை
அதில் இல்லை.

மீதி அறுநூறையும்
ரொக்கமாகவே கொடுத்தேன்.