ஐந்தாவது பொத்தான்

புதிதாக வந்த கேப்டன் லாரிமர்
முதல் நாளே எங்கள் பொத்தான்களை எண்ணினார்.
ஆளுக்கு ஐந்து. குறைந்தால்
அன்றைக்குக் கடிதம் கிடையாது.

லிபியாவில் பிடிபட்டு
இந்த ஸ்காட்லாந்துச் சகதியில் டர்னிப் பிடுங்குகிறவர்கள்
பொத்தானுக்கு எங்கே போவது?
சூப்பில் கிடைத்த ஆட்டெலும்பை
ஒரெஸ்தே கல்லில் தேய்த்தான், ராத்திரியெல்லாம்.
ஆணியால் இரண்டு கண் குத்தினான்.
பழைய அதிகாரி என்றால் சிரித்திருப்பார்.
இவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து
"இது எலும்பு" என்றார்.
பிறகு, "சரி, பொத்தான்தான்."

டிசம்பரில் ஒரு காலை, பனிமழை.
அவர் கோட்டில் நான்குதான்.
முதலில் பார்த்தவன் இருமினான்.
இருமல் வரிசை நெடுக ஓடியது,
இருநூறு பேருக்கும் ஒரே சளி.
குனிந்து பார்த்தார். கழுத்துவரை சிவந்தார்.

ஒரெஸ்தே மட்டும் ஓரடி முன்னால் வந்து
கையை நீட்டினான். உள்ளங்கையில்
வெள்ளையாய் ஒன்று.
இரக்கமா, நக்கலா,
தனக்கே தெரியாது என்றான் பின்னால்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.
வரிசையைக் கலைத்ததற்கு அவனுக்கு மூன்று நாள் தனியறை.
எங்கள் யாருக்கும் கடிதம் இல்லை.

நான்காம் நாள்
பித்தளை நான்கின் கீழே
எலும்பு ஒன்று, கறுப்பு நூலில்,
கோணலாக.
தானே தைத்திருக்க வேண்டும்.

எண்ணத் தொடங்கினார்.
யாரும் இருமவில்லை.