கரடி தையலுக்கு வந்தது

ஏப்ரல் சீசனின் இரண்டாவது ஞாயிறு.
நுவரெலியா, வாவிக்கரை.
குதிரைச் சாணமும் சோளம் சுடும் புகையும் மணக்க
என் தோளில் ஏறி
மூச்சு முட்டும்வரை கழுத்தை இறுக்கினாள் மிதுஷா.
ஐம்பது அடி தள்ளிக்
கையாட்டிக்கொண்டிருந்தது பழுப்புக் கரடி.
எதற்கும் மூடாத கண். எதற்கும் சிரிக்கிற வாய்.

"ஒண்ணும் செய்யாது புள்ள, பொம்மைதான்" என்றேன்.
பொம்மை நடக்காதே என்றாள்.
"உள்ள ஆள் இருக்கு" என்றார் அவள் அப்பா.
அது இன்னும் மோசம்.
ஆளைத் தின்ன கரடியா, ஆளைத் தின்ன கரடியா என்று
நானுஓயா வரை அழுதாள்.

போன வருசம் படம் எடுக்கவென்று
இதே கரடியின் மடியில் அவளைத் திணித்தவள் நான்தான்.
போனில் இன்னும் இருக்கிறது அது:
காற்றில் ஒரு செருப்பு,
கலங்கிய படத்தில் அவள் வாய் மட்டும் தெளிவாக.
அழிக்கவில்லை.

செவ்வாய் மாலை, தூறலில்,
ஆட்டோவில் வந்து இறங்கியது கரடி.
உடம்பு உரச் சாக்கில், தலை மட்டும்
ராகலைப் பொடியன் சசீதரன் மடியில்.
"அக்கா, கக்கத்துல கிழிஞ்சிருச்சு.
வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்.
மொதலாளி பாத்தா சம்பளத்துல புடிச்சிருவாரு."

மிதுஷா கட்டிலுக்கடியில்.
நான் கூப்பிடவில்லை.
கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் பழுதாக்கியிருந்தேன்.
தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பித் துவாயால் மூடி
உடம்பை உள்வெளியாகப் புரட்டினேன்.
மாவுப் பையை வெட்டித் தைத்த உள்துணி,
துருப்பிடித்த ஜிப்,
வியர்வையும் தைலமுமாக ஒரு வாசம்,
கழுத்துப் பட்டியில் ஊசியால் குத்திய
திருநீற்றுப் பொட்டலம்.
பக்கத்தில் நீல மையில்:
சசீ. கழுவியது 3ஆம் திகதி.

கட்டிலுக்கடியிலிருந்து முதல் கேள்வி
இராச்சோற்றுக்குப் பிறகு வந்தது.
"அதுக்குத் தொப்புள் இருக்கா?"
தேடிப் பார்த்தேன். இல்லை என்றேன்.
வெகுநேரம் சத்தமில்லை.
"பாவம்."

மறுநாள் நூல் கோர்க்க வந்தாள்.
லைட் வெளிச்சத்தில் ஊசிக்காது எனக்குத் தெரியாதென்று
அவளுக்குத் தெரியும்.
கரடியின் கையைத் தொட்டாள்,
தொட்ட விரலைப் பாவாடையில் துடைத்தாள்.
பிறகு அதே விரலைக் கிழிசலுக்குள் விட்டு
மறுபக்கம் எட்டிப் பார்த்ததை
தன்னுடையதுதானா என்று
மடக்கி நிமிர்த்திச் சோதித்தாள்.

துவாயை நான் எடுக்கவில்லை.
வியாழன் இரவு
அவளே ஒரு முனையைத் தூக்கி, சட்டென்று விட்டாள்.
மறுபடி தூக்கினாள்.
"வாய்க்குள்ள வலை இருக்கும்மா.
அந்த அண்ணன் வாயாலதான் பாக்குறாரு."
அந்தக் கண்களால் யாரும் பார்ப்பதில்லை என்பது
ஏனோ அவளுக்கு ஆறுதல்.

இரட்டைத் தையல் போட்டு மூடப்போனேன்.
"கொஞ்சம் காத்துப் போக விடும்மா."
ஒரு விரல் நுழையுமளவு ஓட்டை விட்டு
ஓரம் அடித்துக் கொடுத்தேன்.
முதலாளிக்குத் தெரியாது.

மறுபடி ஞாயிறு, மறுபடி வாவிக்கரை.
கரடி எங்களைக் கண்டது, கிட்ட வரவில்லை.
சசீதரனிடம் சொல்லி வைத்திருந்தேன்.
நின்ற இடத்திலேயே குந்தி
கையைத் தூக்கிக் கக்கத்தைக் காட்டியது.
என் விரலை விடாமல் மிதுஷா
ஐந்து எட்டு வைத்தாள். ஆறாவதில் நின்றாள்.
"உள்ள வேர்க்குதா?" கத்தினாள்.
பெரிய தலை மேலும் கீழும் ஆடியது.
"தண்ணி குடிங்க!"
அவ்வளவுதான். தொடவில்லை. படமும் இல்லை.

ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னாலிருந்து
துள்ளி வந்தது ஒரு வெள்ளை முயல்.
மறுகணம் அவள் என் தோளில்,
மூச்சு முட்டுகிறது எனக்கு.
முயலுக்கு இன்னும்
எங்கேயும் தையல் விடவில்லை.